டிஸ்கவரி 2: கழற்றி விடப்பட்ட டிஃப் லாக்கைத் திரும்பப் போட்டது

என்னுடையது 2002 மாடல் லேண்ட் ரோவர் டிஸ்கவரி 2. டிடி5 டீசல் இன்ஜின், மேனுவல் கியர். நாலு சக்கரமும் எப்போதும் இழுக்கும் வண்டி. ஆனால் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில், இரண்டும் வேறு வேறு வேகத்தில் சுழல இடம் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதியான டிஃப்பரென்ஷியலை (சுருக்கமாக டிஃப்) பூட்ட வழி, அதாவது சென்டர் டிஃப் லாக், கிடையாது. இந்தக் கம்பெனி வண்டியில் அது இல்லாமல் போனது எனக்கு இன்றுவரை ஒப்பவில்லை. 1970-இல் வந்த முதல் ரேஞ்ச் ரோவரிலேயே சென்டர் டிஃப் லாக் இருந்தது. 1983-இல் லேண்ட் ரோவர் ஒன் டென் வண்டியோடு வந்த எல்டி230 டிரான்ஸ்ஃபர் கேஸில் (கியர்பாக்ஸிலிருந்து வரும் விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) இருந்தது. 1989-இல் வந்த முதல் டிஸ்கவரியிலும் அதே பெட்டி, அதே லாக். 1998-இல் டிஸ்கவரி 2 வந்தபோதுதான் லீவரைப் பிடுங்கிவிட்டார்கள். எலக்ட்ரானிக் டிராக்‌ஷன் கண்ட்ரோல் இருக்கிறதே, இனி எதற்கு லாக் என்பது அவர்கள் கணக்கு.

வேடிக்கை என்னவென்றால், ஆரம்ப வருடங்களில் லீவரும் கம்பியும்தான் போயின. பெட்டிக்குள் பூட்டும் ஸ்லீவும் (பல் வெட்டிய வளையம்) அதைத் தள்ளும் ஃபோர்க்கும் அப்படியே இருந்தன. 2001 வாக்கில் அவற்றையும் எடுத்துவிட்டார்கள். அப்புறம் கடைசி மாடல்களில் கம்பெனியே லாக்கைத் திரும்பக் கொடுத்தது. அமெரிக்காவில் விற்ற 2004 டிஸ்கவரியில் லீவர் மறுபடியும் வந்துவிட்டது. என் வண்டி நடுவில் மாட்டிக்கொண்டது. உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை.

டிராக்‌ஷன் கண்ட்ரோலைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஏபிஎஸ் சென்சார்கள் ஒரு சக்கரம் மட்டும் வேகமாகச் சுழல்வதைக் கண்டுபிடித்து, அந்தச் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் பிடிக்கின்றன. டிஃப் அதனால் மற்ற பக்கத்துக்கு விசையைத் தள்ளுகிறது. முன் அச்சு, பின் அச்சு, இடம், வலம் என்று நாலு சக்கரத்திலும் வேலை செய்யும் ஏற்பாடு. ஆனால் அது எப்போது வேலையை ஆரம்பிக்கிறது என்பதைப் பாருங்கள்: சக்கரம் சுழன்ற பிறகு. இங்கிலாந்தின் சாலிஸ்பரி சமவெளியில் மழைக்குப் பிறகு வண்டி ஓட்டியவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். அங்கே மண் சுண்ணாம்புக்கல். காய்ந்தால் சிமெண்டுத் தரை மாதிரி இருக்கும். நனைந்தால் மேலே வெண்ணெய் மாதிரி ஒரு படலம் வரும். அந்தப் படலத்தில் ஒரு சக்கரம் ஒரே ஒரு சுற்று வெறுமனே சுழன்றாலும் அடியில் இருக்கும் தரை வழவழவென்று மெருகேறிவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு புத்திசாலியான கம்ப்யூட்டர் பிரேக் பிடித்தாலும் பிடிப்பு திரும்பாது. சக்கரம் சுழலவே கூடாது என்றால் முன்னும் பின்னும் முன்கூட்டியே ஒன்றாகக் கட்டப்பட்டிருக்க வேண்டும். அதைச் செய்ய இரும்புப் பல்தான் வேண்டும்.

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் உங்கள் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் ஒரு பவுண்டு கூடச் செலவழிக்காதீர்கள். வண்டிக்கு அடியில் டார்ச்சோடு படுத்து, டிரான்ஸ்ஃபர் கேஸின் முன்பக்க மேல்பகுதியைப் பாருங்கள். ஆரம்ப கால டிஸ்கவரி 2 ஆக இருந்தால் அங்கே ஒரு சிறிய தண்டு மேலே நீட்டிக்கொண்டிருக்கும், பக்கங்கள் தட்டையாகச் சீவப்பட்டு. அதுதான் லாக்கின் செலக்டர். அது இருந்தால் உங்களுக்கு லீவரும் இணைப்புக் கம்பியும் மட்டும் போதும். அவசரத்துக்கு அடியில் படுத்து ஸ்பேனரால் அந்தத் தண்டைத் திருப்பியே பூட்டிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. என் பெட்டியில் அந்த இடம் மொட்டையாக இருந்தது.

மொட்டையான பெட்டிக்கு இரண்டு வழி. லாக் உள்ள முழு டிரான்ஸ்ஃபர் கேஸை வாங்கி மாற்றுவது ஒன்று. முன் அவுட்புட் ஹவுசிங்கை மட்டும் மாற்றுவது இன்னொன்று. எல்டி230-இல் பூட்டும் சமாச்சாரம் முழுவதும் அந்த முன் ஹவுசிங்கிலேயே அடக்கம்: முன் அவுட்புட் ஷாஃப்ட், அதன் மேல் வழுக்கிப் போகும் டாக் ஸ்லீவ், அதைத் தள்ளும் ஃபோர்க், ஃபோர்க்கின் தண்டு, அந்தத் தண்டைப் பிடித்து நிறுத்தும் பந்தும் ஸ்பிரிங்கும், லாக் விழுந்ததைக் காட்டும் விளக்குக்கான சுவிட்ச். ஸ்லீவ் பின்னால் நகர்ந்து சென்டர் டிஃப் கூட்டின் முகத்தில் உள்ள பல்லில் மாட்டினால் முன் ஷாஃப்டும் டிஃப் கூடும் ஒன்றாகிவிடும். டிஃப் உள்ளே சுழல முடியாது. பின் ஷாஃப்டும் தானாகவே அதோடு சேர்ந்துவிடும். மொத்தமே அவ்வளவுதான். முழுப் பெட்டியையும் இறக்குவது பாரமான வேலை, பெட்டியைத் தாங்க ஆள் வேண்டும். என் பெட்டி சத்தமில்லாமல், ஒழுகாமல், நன்றாக இருந்தது. எங்கோ உடைத்துப் போட்ட வண்டியின் முன்னே பின்னே தெரியாத பெட்டிக்காக அதை இறக்க எனக்கு இஷ்டமில்லை. ஹவுசிங் மட்டும் மாற்றுவது என்று முடிவு செய்தேன்.

பழைய வண்டி உடைக்கும் யார்டு ஒன்றில் 1999 மாடல் டிஸ்கவரி 2-இன் முன் ஹவுசிங் கிடைத்தது. முதல் டிஸ்கவரியிலிருந்தும் எடுக்கலாம் என்பார்கள். நான் அதே தலைமுறை வண்டியிலிருந்து எடுப்பதையே விரும்பினேன். வாங்கும்போது மூன்று இடத்தைத் தடவிப் பாருங்கள். ஸ்லீவின் பல் நுனிகள் கூர்மையாக, ஒரே அச்சாக இருக்க வேண்டும். யாரோ சக்கரம் சுழலும்போதே லாக்கைத் தள்ளியிருந்தால் அந்த நுனிகள் உருண்டு போயிருக்கும், விரல் நகத்திலேயே தெரிந்துவிடும். ஃபோர்க்கின் இரண்டு காதும் ஸ்லீவின் காடியில் ஆடாமல் உட்கார வேண்டும். செலக்டர் தண்டு தன் துளையில் துருப்பிடிக்காமல் நகர வேண்டும். பல வருடம் யாரும் தொடாத தண்டு, வெளியே நீட்டியிருக்கும் பக்கம் துருவேறி இறுகிப் போயிருப்பது சகஜம். எனக்குக் கிடைத்ததும் இறுக்கமாகத்தான் இருந்தது. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, மெல்லிய எமரித் தாளால் வெளிப்பக்கத்தை மட்டும் துடைத்து, புது ஓ-ரிங் போட்டதும் விரலால் தள்ளும் அளவுக்கு வந்துவிட்டது. முன் ஆயில் சீலையும் மேஜை மேலேயே மாற்றிவிட்டேன். வண்டியில் ஏற்றிய பிறகு மாற்றுவது தலைவலி.

வண்டி சமதளத்தில், சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து முன் அச்சுக்கு விசை கொண்டுபோகும் முன் பிராப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்ற ஒரு முன் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் வைத்தேன். அப்போதுதான் ஷாஃப்டைக் கையால் திருப்பித் திருப்பி ஒவ்வொரு போல்ட்டாகப் பிடிக்க முடியும். நட்டுகள் 9/16 அங்குலம். மில்லிமீட்டர் ஸ்பேனரை வைத்து முனையைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். இதற்கென்றே சுவர் மெல்லிய நீளமான சாக்கெட் விற்கிறார்கள். சாதாரண சாக்கெட் யுனிவர்சல் ஜாயிண்டில் இடித்துக்கொண்டு நட்டில் முழுசாக உட்காராது. நட்டெல்லாம் நைலான் வளையம் வைத்தவை, ஒருமுறை கழற்றினால் புதிதுதான் போட வேண்டும்.

ஷாஃப்ட் கையில் வந்ததும் அதன் டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்க ஜாயிண்டைப் பாருங்கள் என்று எல்லா டிஸ்கவரி 2 உரிமையாளர்களையும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அது இரட்டை ஜாயிண்ட். கம்பெனி போட்டதில் கிரீஸ் அடிக்க நிப்பிள் கிடையாது. வருடக்கணக்கில் உள்ளே இருக்கும் கிரீஸ் காய்ந்து, நடுவில் இருக்கும் பந்து தேய்ந்து, ஒரு நாள் ஓட்டத்திலேயே உடைந்தால், ஷாஃப்ட் சாட்டையாகச் சுழன்று கியர்பாக்ஸ் கூட்டிலேயே ஓட்டை போட்டுவிடும். இந்த வண்டிகளின் தெரிந்த வியாதி இது. என்னுடையதை மடக்கிப் பார்த்தபோது ஒரு திசையில் வழுவழுவென்று வந்தது. குறுக்குத் திசையில் சின்னச் சின்னப் படிகளாகத் தட்டியது. ஊசி போன்ற உருளைகள் கிண்ணத்தில் தடம் பதித்துவிட்டன என்று அர்த்தம். கிரீஸ் நிப்பிள் உள்ள ஜாயிண்டுகளைப் போட்டுக்கொண்டேன். டிஃப் லாக் போடாவிட்டாலும் பரவாயில்லை, இதைச் செய்யுங்கள்.

ஆயிலை வடித்தேன். இங்கே ஒரு பழக்கம் சொல்கிறேன்: எந்தப் பெட்டியிலும் வடிக்கும் பிளக்கைத் தொடும் முன் நிரப்பும் பிளக் கழல்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அது இறுகியிருந்தால் காலிப் பெட்டியோடு நிற்க வேண்டியதுதான்.

பழைய ஹவுசிங்கின் மேல் ஹை-லோ (சாதாரண வேகம், மெது வேகம்) செலக்டரின் இணைப்பு இருக்கிறது. அதைப் பிரித்த பிறகு சுற்றியுள்ள போல்ட்டுகளைக் கழற்றி, எந்தப் போல்ட் எந்தத் துளை என்று அட்டையில் குத்தி வைத்தேன். சீலண்ட் பசை பிடித்துக்கொண்டிருந்தது. ஸ்க்ரூடிரைவரை இடுக்கில் விட்டு நெம்ப வேண்டாம்; இரண்டும் அலுமினியம், ஒரு கீறல் விழுந்தால் அது வழியாக ஆயில் வந்துகொண்டே இருக்கும். ஹவுசிங்கின் காதுகளில் ரப்பர் சுத்தியால் மாறி மாறித் தட்டினால் விட்டுக்கொடுக்கும். வெளியே இழுத்ததும் நான் முதலில் தேடியது சென்டர் டிஃப்பின் முகத்தை. பல் இருந்தது. எந்த ஸ்லீவும் தொடாத, ஆயில் மின்னும் புத்தம்புதிய பல். மனசு நிறைந்துபோனது.

இனி வருவதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

சென்டர் டிஃப் இரண்டு டேப்பர் ரோலர் பேரிங்குகளில் உட்கார்ந்திருக்கிறது. முன் பேரிங்கின் வெளி வளையம் இருப்பது நாம் கழற்றிய முன் ஹவுசிங்குக்குள். வளையத்துக்குப் பின்னால் ஒரு ஷிம், அதாவது இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய உலோக வளையம். டிஃப் எவ்வளவு இறுக்கமாகச் சுழல வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அந்த ஷிம்மின் தடிமன். பெட்டியை இறக்கி மேஜையில் வைத்துச் செய்தால், கயிறு சுற்றி ஸ்பிரிங் தராசால் இழுத்துப் பார்க்கச் சொல்கிறது பணிமனைக் கையேடு, 1.36 முதல் 4.53 கிலோவுக்குள் இழுவை இருக்க வேண்டும். ஷிம் மெல்லிசாகப் போனால் டிஃப் முன்னும் பின்னும் ஆடும், பல் சத்தம் வரும். தடித்துப் போனால் பேரிங் சூடாகி வெந்துவிடும். வேறு வண்டியின் ஹவுசிங்கை அப்படியே தூக்கி மாட்டினால், அந்த வண்டியின் டிஃப்புக்கு அளந்த ஷிம் என் டிஃப்புக்கு வந்து சேரும். பொருந்தினால் அதிர்ஷ்டம்.

பெட்டி வண்டியிலேயே இருப்பதால் தராசு முறை எனக்குச் சரிப்படவில்லை. வேறு மாதிரி யோசித்தேன். என் பழைய ஹவுசிங்கில் இறுக்கம் சரியாகவே இருந்தது. அந்தப் பேரிங்குகள் சத்தமில்லாமல் ஓடியிருக்கின்றன. ஆக, பழைய ஹவுசிங்கில் பெட்டியோடு ஒட்டும் முகத்திலிருந்து பேரிங் வளையத்தின் விளிம்பு எவ்வளவு ஆழத்தில் இருந்ததோ, புது ஹவுசிங்கிலும் அதே ஆழம் வந்துவிட்டால் போதும். டெப்த் மைக்ரோமீட்டர் கடன் வாங்கி, இரண்டு முகங்களிலும் பசையைச் சுத்தமாகத் துடைத்து, பழையதில் வளையத்தைச் சுற்றி நான்கு இடத்தில் அளந்தேன். பிறகு அந்த வளையத்தையே தட்டி வெளியே எடுத்தேன். உள் பேரிங் என் டிஃப்பில் இருக்கிறது, அதன் ஜோடி வளையம் இதுதான். ஒன்றாகத் தேய்ந்தவற்றைப் பிரிக்கக் கூடாது. புது ஹவுசிங்கிலிருந்த வளையத்தை எடுத்துவிட்டு, அதன் ஷிம்மை அப்படியே விட்டு, என் வளையத்தை அழுத்தி அளந்தபோது 0.08 மில்லிமீட்டர் கூடுதலாக வெளியே நின்றது. அப்படியே மாட்டியிருந்தால் பேரிங்குக்கு அந்தளவு அதிக அழுத்தம். அந்தத் தடிமன் குறைந்த ஷிம் போட்டதும் இரண்டு அளவும் ஒத்துப்போயின.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பழையதில் இடையில் காகித கேஸ்கெட் இருந்ததா, வெறும் பசையா என்று பாருங்கள். கேஸ்கெட்டுக்கும் தடிமன் உண்டு, அதுவும் இந்தக் கணக்கில் வரும். என்னுடையதில் பசை, திரும்பவும் பசையே போட்டேன்.

மாட்டுவது கழற்றியதைத் தலைகீழாகச் செய்வதுதான், ஆனால் ஹை-லோ செலக்டர் தண்டு ஹவுசிங் துளைக்குள் நேராக நுழைய வேண்டும், டிஃப்பையும் லேசாகத் தூக்கிப் பிடித்தால்தான் பேரிங் வளையத்துக்குள் போகும். இதற்கு இரண்டாவது ஜோடிக் கை வேண்டும். பக்கத்து ஊரில் இருக்கும் மச்சானை வரச்சொன்னேன். போல்ட்டுகளைக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, கடைசியில் டார்க் ரெஞ்சில் கையேடு சொல்லும் அளவுக்கு இறுக்கினேன். நடு நடுவே முன் ஃபிளாஞ்சைக் கையால் சுழற்றிக்கொண்டே இருந்தேன், ரோலர்கள் தங்கள் இடத்தில் உட்கார.

லீவருக்கு இரண்டு வழி இருக்கிறது. கேபிள் வைத்த கிட் வாங்கி, டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு பிடியை வைத்து இழுப்பது சுலபம்; உள்ளே கன்சோலைப் பெரிதாகப் பிரிக்க வேண்டாம். எனக்குக் கேபிள் பிடிக்காது. ஆற்றுத் தண்ணீரும் சுண்ணாம்புச் சேறும் உறைக்குள் போய், குளிர்காலத்தில் உறைந்து, தேவைப்படும் நாளில் கேபிள் இறுகிக் கிடக்கும். கம்பியில் மறைவு எதுவும் இல்லை: துரு பிடித்தால் கண்ணுக்குத் தெரியும், கிரீஸ் தடவினால் சரியாகும். அதனால் லாக் வசதியோடு வந்த கடைசி மாடல் மேனுவல் வண்டியின் ஹை-லோ லீவர் தொகுதியையும் அதன் கம்பிகளையும் தேடி வாங்கினேன். கன்சோல், லீவர் உறை, அதன் கீழே இருக்கும் ரப்பர் எல்லாம் கழற்றினால் பழைய லீவர் தொகுதி தெரியும். பழையது முன்பின்னாக மட்டும் போகும். புதியது பக்கவாட்டிலும் போகும்: இடது பக்கம் தள்ளினால் பூட்டு, வலது பக்கம் இழுத்தால் விடுதலை. ஹையிலும் சரி, லோவிலும் சரி.

கம்பியின் நீளத்தைச் சரிசெய்வதில் நிதானம் வேண்டும். ஹவுசிங்கின் தண்டைக் கையால் பூட்டிய நிலைக்குத் தள்ளி, பந்து தன் குழியில் டக்கென்று விழுவதைக் கேளுங்கள். லீவரையும் முழு இடது பக்கம் வைத்து, அந்த இரண்டு நிலைக்கும் நடுவில் கம்பி இழுபடாமல் பொருந்துமாறு முனையைத் திருகி அமைக்க வேண்டும். பிறகு திறந்த நிலைக்கும் அதையே சோதிக்க வேண்டும். லீவர் தன் எல்லைச் சுவரில் முட்டுவதற்கு முன் பந்து குழியில் விழுந்துவிட வேண்டும். முட்டிய பிறகும் பந்து விழவில்லை என்றால் பல் பாதி ஆழம்தான் மாட்டியிருக்கும், ஏறும்போது நழுவி நுனிகளைத் தின்றுவிடும்.

விளக்கு சுவிட்ச் ஹவுசிங்கில் மரை போட்டு ஏறுகிறது, ஒரு லாக் நட்டோடு. சுவிட்சுக்கும் டாஷ்போர்டில் நான் பொருத்திய மஞ்சள் எல்இடிக்கும் தனி வயர் இழுத்தேன், ஃபியூஸோடு. அமைக்கும் முறை இது: லாக்கைப் போட்டுவிட்டு, விளக்கு எரியும் வரை சுவிட்சை உள்ளே திருகி, எரிந்த இடத்திலிருந்து இன்னும் அரைச் சுற்று திருகி, நட்டை இறுக்க வேண்டும். நான் அடியில் படுத்துத் திருக, மச்சான் சீட்டில்.

"வந்துச்சா?"

"இன்னும் இல்ல... இன்னும் இல்ல... ஆ, எரியுது மச்சான்!"

அரைச் சுற்று, நட்டு இறுக்கியாயிற்று. லீவரை வலது பக்கம் இழுக்கச் சொன்னேன், விளக்கு அணைந்தது. பிராப்பெல்லர் ஷாஃப்டை மாட்டி, 75டபிள்யூ90 ஆயிலை நிரப்பும் துளையில் வழியும் வரை ஊற்றினேன். இரண்டு லிட்டருக்குக் கொஞ்சம் மேலே பிடிக்கும்.

உண்மையில் பூட்டுகிறதா என்று பார்க்க, விளக்கை மட்டும் நம்ப வேண்டாம். முன் சக்கரம் ஒன்று ஜாக்கியில் தூக்கியபடியே இருந்தது. ஹேண்ட் பிரேக் போட்டு, டிரான்ஸ்ஃபர் கேஸை நியூட்ரலில் வைத்து, லாக் இல்லாமல் அந்தச் சக்கரத்தைக் கையால் சுற்றினால் சுலபமாகச் சுற்றியது. லாக்கைத் தள்ளிவிட்டு, பல் சேர்வதற்காகச் சக்கரத்தை மெல்ல அசைத்தேன். அடியில் ஒரு கனமான டொக். அதற்குப் பிறகு இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினாலும் சக்கரம் நகரவில்லை.

இந்தச் சோதனை ஏன் வேலை செய்கிறது என்று யோசித்தால் இன்னொரு விஷயம் புரியும். இந்த வண்டிகளில் ஹேண்ட் பிரேக் சக்கரங்களில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின் ஷாஃப்டில் இருக்கிறது. சென்டர் டிஃப் திறந்திருந்தால் அது பின் அச்சை மட்டும்தான் பிடிக்கிறது. பஞ்சர் போடப் பின் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கினால் என்ன ஆகும்? தூக்கிய சக்கரம் பின் டிஃப் வழியாக எதிர்த்திசையில் சுழல, ஹேண்ட் பிரேக் போட்ட வண்டி ஜாக்கியை விட்டு உருண்டுவிடும். பூட்டிவிட்டால் அதே பிரேக் முன் அச்சையும் சேர்த்துப் பிடிக்கிறது. சேற்றுக்கே போகாதவர்களுக்கும் டிஃப் லாக் வேண்டும் என்று நான் சொல்வதற்கு இந்த ஒரு காரணம் போதும். அதற்காகக் கட்டை வைப்பதை விட்டுவிடாதீர்கள்.

அடுத்து சாலிஸ்பரி சமவெளி. முந்தின இரவு நல்ல மழை. ராணுவ லாரிகள் உழுது வைத்த ஆழமான தடங்களின் நடுவில் ஏறும் ஒரு பாதை அங்கே எனக்குப் பழக்கம். முன்பெல்லாம் ஏற்றத்தின் நடுவில் ஒரு முன் சக்கரமும் எதிர்மூலைப் பின் சக்கரமும் லேசாகும்போது, டிராக்‌ஷன் கண்ட்ரோல் கடகடவென்று அடித்துக்கொள்ளும். வண்டி நின்று, துள்ளி, மறுபடி நின்று, வேகம் கொடுத்தால்தான் மேலே போகும். இந்த முறை அடிவாரத்திலேயே லோ, இரண்டாவது கியர், லாக். வேகமே கொடுக்கவில்லை. ஐடிலுக்குக் கொஞ்சம் மேலே, ஒரே சீராக ஏறியது. மூலைச் சக்கரங்கள் லேசான இடத்தில் டிராக்‌ஷன் கண்ட்ரோல் ஒரு நொடி தட்டிவிட்டு ஓய்ந்தது. இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கவில்லை: முன்னையும் பின்னையும் லாக் பார்த்துக்கொள்கிறது, இடத்தையும் வலத்தையும் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. கடைசி மாடல்களில் கம்பெனி இரண்டையும் சேர்த்தே விற்றது சரியான முடிவு.

இறக்கத்தில் வித்தியாசம் இன்னும் அதிகம். செங்குத்தாக இறங்கும்போது எடை முழுக்க முன்னால் வந்துவிடும். பின் சக்கரங்கள் லேசாகும். சென்டர் டிஃப் திறந்திருந்தால் இன்ஜின் பிரேக்கிங் அந்த லேசான சக்கரங்களை நிறுத்திவிட்டு, முன்னால் உள்ளவற்றை ஓட விட்டுவிடும். பின்பக்கம் பக்கவாட்டில் நழுவப் பார்க்கும். பூட்டிய பிறகு நான்கும் ஒரே வேகத்தில் காலடி வைத்து இறங்கின. பிரேக் பெடலைத் தொடவே இல்லை.

பழக்கத்தில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. தார் ரோட்டில் லாக் கூடவே கூடாது. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட நீண்ட பாதையில் போக வேண்டும். அந்த வித்தியாசத்தை டயர் வழுக்கித்தான் தீர்க்க முடியும், தார் அதை விடாது, முறுக்கு முழுக்க ஷாஃப்டுகளில் சேரும். அப்படிச் சேர்ந்துவிட்டால் லீவரை வலது பக்கம் இழுத்தாலும் விளக்கு அணையாது. லீவரைக் குத்தாதீர்கள். கொஞ்ச தூரம் ரிவர்ஸில் நேராகப் போனால் முறுக்கு அவிழ்ந்து பல் தானாக விலகும். லாக்கைப் போடுவது வண்டி நிற்கும்போது, அல்லது சக்கரங்கள் சுழலாமல் மெல்ல உருளும்போது மட்டும். பிரிட்டனின் வருடாந்திர வாகனத் தகுதிச் சோதனையான எம்ஓடிக்குப் போகும்போது, இது எப்போதும் நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி, ஓர் அச்சை மட்டும் ரோலரில் ஏற்றி பிரேக் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். லாக் இல்லாத நாளிலும் அது பொருந்தும். லாக் தெரியாமல் விழுந்திருந்தால் ரோலரிலிருந்து வண்டி எகிறிவிடும்.

கடைசியாக, வலது காலுக்கு ஒரு கட்டுப்பாடு. திறந்த டிஃப்பில் ஓர் அச்சு அந்தரத்தில் இருந்தால் மற்ற அச்சுக்கும் விசை போகாது. அதனாலேயே எதுவும் உடையாது. பூட்டிய பிறகு இன்ஜினின் முழு முறுக்கும், லோ ரேஞ்சில் பல மடங்கு பெருகி, தரையில் நிற்கும் ஒரே அச்சுக்குப் போகலாம். இந்த வண்டியின் அச்சு டிஃப்களுக்குள் இரண்டு பினியன் (சிறிய பல்சக்கரம்)தான், நான்கு கிடையாது. பள்ளத்தில் துள்ளி, காற்றில் சுழன்று, திடீரென்று கல்லில் பிடிப்பு கிடைத்தால் உடைவது அவைதான். ஆகவே லாக் போட்ட பிறகு நான் முன்பைவிட மெதுவாகத்தான் போகிறேன். மாதம் ஒருமுறை புல்வெளியில் லாக்கைப் போட்டு எடுத்து, கம்பியின் முனைகளில் கிரீஸ் வைக்கிறேன். அப்படியே கிரீஸ் துப்பாக்கியை முன் ஷாஃப்டின் புது நிப்பிள்களுக்கும் காட்டிவிடுகிறேன்.